பண்ணைத் தாம்போதியும் பயந்த நெஞ்சமும்

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து மேற்றிசை நோக்கிச் செல்வோர், முற்றவெளியின் பரப்பை விட்டகன்ற சிறிது தூரத்திலேயே தரை முடிந்து நீர் தொடங்குவதைக் காண்பர். ஆயினும் வீதி முடிவதில்லை. கல்லும் மண்ணும் கொண்டு மேடாக்கிய நீண்டதொரு கோடாக அது பரவைக் கடலின் ஊடே ஓடித் தீவுப்பகுதியைச் சென்றடைகின்றது. தாம்போதி என்று ஏட்டிலே எழுதுவர். பண்ணைப் பாலம் என்று வாயாற் சொல்லுவர். இருமருங்கும் களங்கட்டி வலைகளின் தடிகள் நீரிலே வரிசை வரிசையாக நிற்கும். அத்தடிகளின் மேலே கொக்கும் நீர்க்காகமும் காவல் இருக்கும். மாலை வேளைகளில் நகரத்தார் குடும்பங் குடும்பமாகக் காற்று வாங்க வந்து கூடும் இடம் அது. அழகிய இடம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எமக்கோ, 42 ஆண்டுகளாக, உள்ளங்கை வியர்க்காமற் கடக்கவொண்ணாத இடமாக அஃது இருந்து வந்தது.

எத்தனை முறை அவ்வழியே போயிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. எமது பிறந்தகம் புங்குடுதீவு, வாழ்வது யாழ்ப்பாணம். பேருந்திலும், வாடகை வண்டியிலும், பின்னாளிலே எமது கணவர் ஓட்டிய காரிலும் போய் வந்தோம். போன தடவை யாவும் ஓட்டுபவர் வேறொருவராகவே இருந்தார். நாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்; அல்லது வேலணைப் பக்கத்துப் பனைகள் தெரியும் வரையில் மடியிலிருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம். 1982ஆம் ஆண்டில் எமக்கு வயது ஒன்பது. எமது தகப்பனாரிடம் ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று இருந்தது. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஏ-40 காரும் மொறிஸ் மைனரும் வீட்டுப் பிள்ளைகளைப் போல. அவற்றுக்குப் பெயர் சூட்டிய குடும்பங்களும் உண்டு. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வருகையில், தாம்போதியின் நடுப்பகுதியிலே, முன்சில்லு ஒன்று வெடித்தது. கார் இடப்புறம் இழுபட்டுக் கரைக்கல்லின்மீது ஏறி, ஒரு சில்லு கடலின் மேலே அந்தரத்திற் சுழல, அப்படியே நின்றது. முன் ஆசனத்தில் அம்மாவின் மடியில் இருந்த நாம், கண்ணாடிக்கூடாகக் கீழே பார்த்தோம். தரை இல்லை, நீர் மாத்திரமே தெரிந்தது. வலைக்காரர் சிலர் ஓடிவந்து காரைத் தூக்கி வீதியிலே வைத்தார்கள். எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. தகப்பனார் சில்லை மாற்றிவிட்டு, சுருட்டொன்றைப் பற்றவைத்துக்கொண்டு வண்டியைச் செலுத்தினார். அவருக்கு அத்துடன் அவ்விஷயம் முடிந்தது. எமக்கு முடியவில்லை.

அப்பயம் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்வதற்கு நாட்டு நிலைமையே துணைசெய்தது எனலாம். நாம் கார் பழகவேண்டிய பருவத்தை அடைந்தபோது கார் ஓடவில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துப் போத்தலிலே சேமித்த சிறிதளவு பெற்றோலைத் துளித்துளியாக விட்டு இயந்திரத்தை உசுப்பிவிட்டு, அது உயிர்பெற்றதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை வீதியை மறைக்கும். நாற்றம் உடையிலே ஒட்டும். எமது ஏ-40உம் அவ்வாறு சிறிது காலம் இருமி இருமி ஓடிப் பின்னர் கொட்டிலிலே ஓய்ந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, நகரத்தார் அனைவரும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நாமும் சைக்கிளிலே மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். மறு ஆண்டில் வீடு திரும்பியபோது காரின் கூடு மாத்திரம் எஞ்சியிருந்தது.

ஆகவே, இன்று ஐம்பதைத் தாண்டி நிற்கும் யாழ்ப்பாணத்தவருள் கார் ஓட்டத் தெரியாதோர் பலராயின், அதனைச் சோம்பல் என்று இளையோர் எண்ணற்க. சைக்கிள்தான் எமக்குத் தெரிந்த வாகனம். அதிலே நெல்லு மூட்டையும் ஏற்றினோம், நோயாளியையும் ஏற்றினோம். பெண்கள் சைக்கிள் ஓடுவதைப் பற்றி முன்னர் மூக்கில் விரலை வைத்த மூத்தோர்கூட அந்நாளிலே வாய் திறக்கவில்லை. அவர்களே பின்னால் ஏறியிருந்தார்கள் அன்றோ?

போர் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின், 2014இல், எமது கணவர் சிறிய கார் ஒன்றை வாங்கினார். வங்கியிலே கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். காரையும் கணக்கெழுதுவது போலவே ஓட்டுவார். நாம் பக்கத்திலே இருந்து, எமது காலடியில் இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தியே மிதியடியைத் தேய்த்துவிட்டோம். "நீரும் பழகலாமே" என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. பள்ளிக்கூட வேலை, பரீட்சைத் தாள், முழங்கால் நோவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தப்பினோம். உண்மையைச் சொன்னால் சிரிப்பாரென்று சொல்லவில்லை.

2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. அவ்வாண்டு ஆடி மாதமளவில் கியூஆர் அட்டை முறை வந்தபின்பே ஓரளவு ஒழுங்கு பிறந்தது. அவ்வரிசையொன்றிலேதான் எமது கணவரின் கண் நோய் வெளிப்பட்டது. எத்தனை லீற்றர் விழுந்தது என்று இயந்திரத்திலுள்ள இலக்கங்களை அவரால் வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பையனைக் கேட்டாராம். நீரிழிவு விழித்திரையைத் தாக்கியிருக்கின்றது என்றார் வைத்தியர். லேசர் சிகிச்சை எஞ்சியதைக் காத்தது, இழந்ததை மீட்கவில்லை. காரின் திறப்பை அவர் சுவாமி அறை ஆணியிலே கொழுவினார். அதுபற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மாமரத்தின் கீழே கார் நின்றது; அணிற்பிள்ளை ஒன்று அதன் இயந்திரத்திற்குள்ளே தும்பு சேர்த்துக் கூடு கட்டியது.

மறு ஆண்டு ஆடி மாதத்தில், இரவு பத்து மணிக்குப் பின்னர், புங்குடுதீவிலிருந்து அயலவர் தொலைபேசியில் அழைத்தார். அம்மா கிணற்றடியிலே வழுக்கி விழுந்துவிட்டார். போருக்குப் பின் ஊர் திரும்பிய நாள் முதல் அம்மா அங்கேதான் இருக்கின்றார். எண்பதை நெருங்கும் வயதிலும் யாழ்ப்பாணத்துக்கு வர மறுப்பவர். அந்த இரவிலே ஒரு வாகனம் பிடிக்க நாம் பட்ட பாட்டை எழுதப் புகின் பத்தி நீளும். ஒருவர் வண்டி பழுது என்றார். ஒருவர் கேட்ட தொகைக்குச் சம்மதித்தபின்னும் வரவில்லை. நாம் அம்மாவிடம் போய்ச் சேரும்போது விடியப்போகின்றது. எலும்பு முறியவில்லை, அது தெய்வச் செயல். முற்றத்தில் நின்ற சொந்தக் காரை இரவு முழுவதும் பார்த்துக்கொண்டே பிறன் வண்டிக்குக் காத்திருந்தோமே, அதுதான் மறக்கவில்லை. அடுத்த வாரம் சாரதிப் பயிற்சி நிலையம் ஒன்றின் படியேறினோம்.

பதிவு, மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை என்று முறைப்படி யாவும் நடந்தன. பரீட்சை மண்டபத்திலே எம்மைச் சுற்றி இருந்தோர் யாவரும் பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் எம்மிடம் ஏழாம் வகுப்பிலே தமிழ் படித்தவன். "ரீச்சர், நீங்களுமோ?" என்று எழுந்து நின்றான். வெளியே வந்ததும், முந்திச் செல்லத் தடை என்னும் சைகைப் பலகையை நாம் பிழையாக விளங்கியிருந்ததைப் பணிவுடன் திருத்தினான். இருபத்தெட்டு ஆண்டு மற்றவர் பிழையைத் திருத்திய கைக்கு அது புதிய அனுபவம். நன்றாகவே இருந்தது.

பழக்கிய தம்பிக்கு முப்பது வயதிருக்கும். முதல் நாள் ஒரு வெறும் வளவுக்குக் கூட்டிச் சென்று, எம்மைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, இயந்திரம் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கின்றது, சில்லு நிற்கின்றது, இரண்டையும் இணைப்பதே கிளச் என்று விளக்கினான். சுழலும் தட்டொன்று நிற்கும் தட்டொன்றை மெல்லத் தொட்டுப் பற்றிக்கொள்ளவேண்டும். திடீரெனப் பற்றினால் நிற்கும் தட்டின் பாரம் சுழலும் தட்டையும் நிறுத்திவிடும். இது விளங்கியது. விளங்கியதைக் காலுக்குச் சொல்ல முடியவில்லை. கார் தவளைபோலத் துள்ளித் துள்ளி அணைந்தது. அன்று மாத்திரம் பதினேழு தடவை அணைந்ததென எமது நாட்குறிப்பு கூறுகின்றது.

அதனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீதிக்கு வந்தபின்னர் நேர்ந்ததே பெருந்துன்பம். யாழ்ப்பாண வீதியிலே ஓடுவன யாவை என்று வாசகர் ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும். விளக்கில்லாச் சைக்கிள், முச்சில்லு, ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் மினி பஸ், லான்ட்மாஸ்ரர், நடுவீதியிலே அசைபோடும் மாடு, அதற்கும் மேலாகக் கைபேசியைப் பார்த்தவண்ணம் குறுக்கே போகும் பாதசாரி. இத்தனைக்கும் நடுவில் சிவப்பு எல் எழுத்துப் பலகையுடன் ஐம்பது வயது ஆசிரியை. பின்னால் வருவோர் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் எமது பெயரைச் சொல்லி ஏசுவதாகவே தோன்றிற்று. பயிற்சி நாளுக்கு முதல் நாள் இரவு உறக்கம் வராது. மழை பெய்யவேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். இரண்டு முறை தலையிடி என்று பொய் சொல்லி அனுப்பினோம். மாணவர் பொய்த் தலையிடியைக் கண்டுபிடிப்பதில் எமக்கு ஒரு காலத்தில் பெரும் பெயர் இருந்தது.

மூன்றாவது முறையும் அவ்வாறே சொல்ல எண்ணித் தொலைபேசியை எடுத்த காலை வேளையில், முற்றத்திலே நீர் ஊற்றும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தோம். எமது கணவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கண் தெளிவில்லாதபடியால் ஒரு கையால் தடவிப் பார்த்து மறு கையால் துடைத்தார். அணிற்கூட்டை முன்னரே எவரையோ கொண்டு அகற்றி, மின்கலத்தையும் மாற்றியிருக்கின்றார், எமக்குச் சொல்லவில்லை. நாம் தொலைபேசியை வைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு பயிற்சிக்குப் புறப்பட்டோம்.

அன்றைக்குத்தான் தம்பியிடம் 1982ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. "சில்லு வெடிச்சால் பிரேக்கை மிதிக்கக்கூடாது ரீச்சர். ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடிச்சு நேராக வைச்சு, அக்சிலேற்றரை விட்டால், வண்டி தானாக வேகம் குறையும். ஐயா பயத்திலை பிரேக் பிடிச்சிருப்பார், அதுதான் இழுத்திருக்கு" என்றான். எமது தகப்பனாருக்கும் பயம் உண்டாயிற்று என்பதை நாற்பது ஆண்டுகளில் நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. சுருட்டுப் பற்றவைத்த கையை மாத்திரமே நினைவில் வைத்திருந்தோம்.

பின்பு அவன் வேறொன்றும் சொன்னான். நாம் வண்டியை இடப்புறம் இழுக்கவிடுகின்றோம். ஏனெனில் இடப்புறக் கரையையே பார்க்கின்றோம். கண் போகும் இடத்துக்கே கை போகும், கை போகும் இடத்துக்கே கார் போகும். விழுந்துவிடுவோமோ என்று பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போவோம். போகவேண்டிய தூரத்து இடத்தைப் பார்க்கவேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலே கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடுகின்றது; காலடியைப் பார்ப்பவனுக்குக் காலம் போதாது. இதனை அவன் வேதாந்தமாகச் சொல்லவில்லை. கரைக்கு இழுபடும் காரை நேராக்கவே சொன்னான். அன்று கண்ணைத் தூக்கி வீதியின் அந்தத்திலே நின்ற ஆலமரத்தைப் பார்த்தோம். கார் ஆலமரத்தை நோக்கிக் கோடு கிழித்தாற்போலப் போயிற்று.

குடாநாட்டிலே மலையில்லை, மேட்டிலே வண்டியை நிறுத்திப் பின் நகராமல் எடுக்கப் பழகுவதற்குப் பாலங்களின் முதுகையே தேடிப் போகவேண்டும். அப்பயிற்சி விரைவில் வந்தது. பின்னோக்கி ஓட்டுவது வரவில்லை. முதலாவது செய்முறைத் தேர்விலே, பின்னால் வந்து நிறுத்தச் சொன்னபோது கம்பமொன்றில் முட்டித் தோற்றோம். இரண்டாவதிலே சித்தியடைந்தோம். இதனைப் பற்றி இவ்வளவே சொல்லலாம்.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், விடியற்காலையிலே, நாமே சாரதியாக அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டோம். மாசியைத் தெரிந்தெடுத்தது வேண்டுமென்றே. ஆனி ஆடியிலே சோளகம் தாம்போதிக்குக் குறுக்காக வீசும். சிறிய காரைத் தள்ளிப் பார்க்கும். மார்கழியில் வாடையும் மழையும். மாசியிலோ பரவைக் கடல் பாத்திரத்திலே ஊற்றிவைத்த எண்ணெய்போல அசையாது கிடக்கும். கணவர் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். அவருடைய கண் எமக்கு உதவாது, காது உதவிற்று. இயந்திரம் முனகினால் "மூன்றுக்குப் போடும்" என்பார். அலறினால் "நாலு கேக்குது" என்பார். கிளச் முழுவதும் இறங்காமல் கியரை மாற்றினால் அவ்வோசைக்கு அவருடைய பல் கூசும். வாய் திறக்கமாட்டார்; முகத்தைச் சுளிப்பார்.

கோட்டை கடந்தது. நீர் தெரிந்தது. உள்ளங்கை வழமைபோல வியர்த்தது. தூரத்தே பார்த்தோம். வீதி ஒரு புள்ளியிலே சென்று மறைய, அப்புள்ளியின்மேல் பனைகளின் நிரை ஒன்று கறுப்பாகத் தெரிந்தது. அதனையே பிடித்துக்கொண்டோம். வேகம் 35. பின்னாலே மினி பஸ் ஒன்று வந்து ஹோர்னை அழுத்திப் பிடித்தது. "அவன் அவசரம் அவனுக்கு. நீர் உம்முடைய பாட்டுக்குப் போம்" என்றார் கணவர். மினி பஸ் முந்திப் போயிற்று. போகட்டும்.

பின்னர் அவர் கேட்டார்: "இப்ப என்ன தெரியுது?"

அவருக்குக் காட்சி மங்கலான நிறங்களாக மாத்திரமே தெரியும். ஆகையால் சொல்லத் தொடங்கினோம். சொல்வதற்காகப் பார்க்க வேண்டியதாயிற்று. களங்கட்டித் தடிகள் தெரிகின்றன, ஒருவர் இடுப்பளவு நீரிலே நின்று கூட்டைத் தூக்குகின்றார், கூழைக்கடா இரண்டு, தோணியொன்று கட்டியபடி. இவற்றை ஒருகண வீச்சிலே கண்டு, மறுகணம் வீதிக்குக் கண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனோம். ஐம்பது ஆண்டு போய்வந்த வழியை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தோமென்றால் அது மிகையன்று. எந்த இடத்திலே ஏ-40 நின்றது என்று தேடவும் செய்தோம். தெரியவில்லை. போருக்குப் பின் வீதியை அகட்டிப் புதுப்பித்தபோது பழைய கரைக்கற்கள் மறைந்துவிட்டன போலும். 1990இன் பின் பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடுண்டு கிடந்த பாதையும் இதுவே. எமது பயத்தைவிடப் பெரிய கதைகள் அதற்கு உண்டு.

தீவுக் கரையை அடைந்தபின் வழி இலகு. அல்லைப்பிட்டிப் பனைகள், மண்கும்பானிலே வெண்மணலும் அதன் நடுவே நன்னீர்க் கிணறுகளும். தீவுப்பகுதியிலே நல்ல தண்ணீரின் அருமையை அங்குள்ளோரைக் கேட்டாற் சொல்லுவர். சாட்டிக் கடற்கரைக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி வேலணைக்குள் புகுந்தோம். புகையிலைத் தோட்டங்களுக்கு ஒருவர் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். ஆடுகள் மாத்திரம் எம்மைப் பெரிதாக மதிக்கவில்லை; நான்கு இடங்களிலே நிறுத்த நேர்ந்தது. நான்கு முறையும் வண்டி அணையாமல் எடுத்தோம். இதனை எழுதுவதிலே எமக்குச் சிறிது பெருமை உண்டென்பதை வாசகர் மன்னிக்கவேண்டும்.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைப்பது இன்னொரு தாம்போதி. வாணர் பாலம் என்று எம்மூரார் வழங்குவது. பண்ணையைக் காட்டிலும் ஒடுங்கியது. இதனை நாம் கணக்கிலே எடுக்க மறந்துவிட்டோம். பண்ணையையே நினைத்து நினைத்துப் பயந்தமையால், இதற்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை! நடுவழியிலே, எதிரே குறிகட்டுவானிலிருந்து வரும் பேருந்து ஒன்று தெரிந்தது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் துறை அது. படகிறங்கியோர் நிறைந்த பேருந்து. கை நடுங்கிற்று. வேகத்தைக் குறைத்து, இடப்புறத்தே எவ்வளவு இடமுண்டென்று ஒருமுறை பார்த்து, அதன்பின் அந்தக் கரையைப் பாராமல், ஒதுங்கி நின்றோம். பேருந்து அருகாக ஊர்ந்து சென்றது. அதன் சாரதி கையை உயர்த்தினார். நாமும் உயர்த்தினோம்.

புங்குடுதீவிலே ஆளில்லா வீடுகளைக் கடந்துதான் அம்மாவின் வீட்டுக்குப் போகவேண்டும். 1990களின் தொடக்கத்திலே ஊர் பெயர்ந்தது. திரும்பாதோர் கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். கூரையற்ற மண்டபங்களுக்குள்ளே ஆலும் அரசும் வளர்ந்து நிற்கின்றன. கோயில்கள் மாத்திரம் புது வர்ணத்துடன் பொலிகின்றன. வழக்கமாக இவ்விடத்திலே எமக்கு மனம் கனக்கும். அன்று படலை ஒடுக்கமாயிற்றே, எப்படி உள்ளே விடுவது என்பதே சிந்தனை.

அம்மா தடியூன்றி வாசலுக்கு வந்தார். சாரதி ஆசனத்திலிருந்து நாம் இறங்குவதைக் கண்டும் வியப்பொன்றும் காட்டவில்லை. "காரை வேம்புக்குக் கீழை விடாதை பிள்ளை, காகம் எச்சமிடும்" என்றார். பிட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டோம். மதியம் கழிந்து புறப்படும்போது, எவரும் கேளாமலே, சிறிய பையொன்றுடன் வந்து பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டார். இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமாம். வாடகை வண்டிக்காரருக்குக் காசைக் கொட்டிக் கொடுக்க மனமில்லாமலே இத்தனை நாள் வரவில்லையாம். நாம் எத்தனை முறை அழைத்தோம்! நகரத்துக் காற்று ஒத்துக்கொள்ளாது என்றல்லவா ஒவ்வொரு முறையும் சொன்னார்.

திரும்பும்போது வெயில் சரிந்திருந்தது. பண்ணையிலே கால்வாசி வந்ததும் அம்மா திடீரென, "இஞ்சைதான் கொப்பர் காரைக் கடலுக்குள்ளை விடப் பாத்தவர்" என்றார்.

"எவ்விடம்?" என்றோம், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்தக் கம்பத்துக்குக் கிட்ட. வலைக்காரப் பெடியள் தண்ணிக்குள்ளை நிண்டுதானே தூக்கினவங்கள். முழங்காலுக்கு மேலை ஒருத்தனுக்கும் நனையேல்லை. கொப்பர் பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

முழங்காலளவு நீர். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக நாம் கண்ட அந்த அடியற்ற கருங்கடல், ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடிய ஆழம். தகப்பனார் சிரித்தபோது நாம் எங்கே இருந்தோம்? உறங்கியிருப்போம், அல்லது கேட்க விரும்பாதிருப்போம். பக்கத்திலே கணவர் சத்தமின்றிச் சிரிப்பது தெரிந்தது. அவரிடமும் அப்போதுதான் அக்கதை போய்ச் சேர்ந்தது.

நகரக் கரையை அண்டியதும் அம்மா நிறுத்தச் சொன்னார். வீதியோரத்திலே நண்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியிலே பின்னால் பார்த்து, சைகை விளக்குப் போட்டு, இடப்புறம் ஒதுக்கி, கைப் பிரேக்கை இழுத்தோம். அம்மா கண்ணாடியை இறக்கிப் பேரம் பேசத் தொடங்கினார். பேரம் நீண்டது. கடைசியில் எட்டு நண்டுகள் பையிலே ஏறின. விலை சற்று அதிகந்தான்.